வடக்கு ஜன்னல்

அந்தக் கட்டடத்தில் இப்போது உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறார்கள். மூன்றாவது மாடி முழுக்க ஓடுகிற இயந்திரங்கள். காசைக் கொடுத்துவிட்டு, எங்கேயும் போய்ச் சேராமல், வியர்க்க வியர்க்க இளவட்டங்கள் அதில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இஷ்பெல் கில்ஃபிலன் எதிர்ச்சாரித் தேநீர்க் கடையில் உட்கார்ந்து அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"நம்ம விசாரணை அறையிலதான் அந்தச் சிவப்பு டவுசர்க்காரன் குதிக்கிறான்" என்றாள் சேடி.

"அவன் குதிக்கிறது கின்லாக் சாரோட நாற்காலி இருந்த இடம்டி. வாய மூடிக்கிட்டு பிஸ்கட்டத் தின்னு."

மாதத்தின் முதல் வியாழக்கிழமை இருவரும் இங்கே சந்திப்பது வழக்கம். சேடி அந்த அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் தீர்ப்புகளைத் தட்டச்சு செய்தவள். இஷ்பெல் பத்தொன்பது வருடம் விசாரணை எழுத்தர். வன்முறைக் குற்றத்தில் அடிபட்டவர்களுக்கு அரசாங்கம் இழப்பீடு கொடுக்கும். அதை விசாரித்து முடிவு சொல்கிற அலுவலகம் அது. கத்திக்குத்து, பாட்டில் வெட்டு, உடைந்த தாடை என்று கிளாஸ்கோ நகரத்தின் சனிக்கிழமை இரவுகள் அத்தனையும் ஆறு மாதம் கழித்து, கோப்பாகி, நாடா கட்டிக்கொண்டு அவர்கள் மேசைக்கு வந்து சேரும்.

"இப்ப எல்லாம் அட்டவணைதான். எங்கக்கா மக இப்ப அந்த ஆபீஸ்லதான இருக்கா. கன்னத்துல தழும்பா, இத்தனாவது வரிசை. மூக்கு உடைஞ்சிதா, அதுக்கு ஒரு வரிசை. போட்டோ அனுப்பினாப் போதும், ஆளையே பாக்கறதில்லையாம்" என்றாள் சேடி.

"ஆளப் பாக்காம தழும்ப எப்படிடி பாக்கறது?"

"தழும்ப எதுக்குப் பாக்கணும்? வரிசை நம்பரப் பாத்தா முடிஞ்சிது."

நியாயமாகச் சொன்னால் அட்டவணை வந்த பிறகு வேலை சீக்கிரம் முடிகிறது. அந்தக் காலத்தில் இரண்டு வருடம், மூன்று வருடம் என்று ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். அதில் சிலர் செத்தும் போனார்கள். இஷ்பெலுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்த அறையின் நினைப்பு வந்தாலே அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். மழையில் நனைந்த கோட்டுகளின் வாடை, தேநீர்ப் பாத்திரம் கொதிக்கிற சத்தம், காத்திருப்போர் பெஞ்சில் முன்பின் தெரியாத இருவர் தையல் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பெருமையடித்துக்கொள்வது. தன் வாழ்க்கையின் நல்ல வருடங்கள் அங்கேதான் போயின என்று அவள் யாரிடமும் கூச்சப்படாமல் சொல்வாள்.

கின்லாக் என்கிற முதிய வழக்கறிஞர் விசாரணைக் குழுவின் தலைவர். அவருக்கு ஒரு விடாப்பிடி உண்டு. தழும்பை அவர் போட்டோவில் பார்த்து முடிவு சொல்ல மாட்டார். விளக்கு வெளிச்சத்திலும் பார்க்க மாட்டார். "குழல் விளக்குல பாத்தா ஆரோக்கியமானவன்கூட ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தவன் மாதிரி தெரியறான்" என்பார். வடக்கு ஜன்னலோரம் ஆளை நிறுத்தி, பகல் வெளிச்சத்தில், ஒரு கஜ தூரத்தில் நின்று பார்ப்பார். குழுவின் மற்ற இருவரும் வரிசையாக வந்து பார்ப்பார்கள். பார்த்ததைத் தாளில் எழுதினால்தான் அது தீர்ப்பு.

கிளாஸ்கோக்காரர்கள் இதற்கு நேர் எதிரான வழக்கம் உள்ளவர்கள். அரசாங்கத்தின் முன்னால் போய் நிற்பதென்றால் இருப்பதிலேயே நல்ல உடுப்பு, நல்ல செருப்பு, நல்ல முகம். விரல் போனவன் தோல் கையுறை மாட்டிக்கொண்டு வந்து கடைசிவரை கழற்றவே மாட்டான். கால் ஊனமானவன் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்து காட்டுவான். பெண்கள் நடன அரங்குக்குப் போவதுபோல முகப்பூச்சைக் குழைத்து அப்பிக்கொண்டு, காட்ட வேண்டிய தழும்பை அதற்கடியில் புதைத்துவிட்டு வந்து உட்காருவார்கள். இவர்களுக்காகவே இஷ்பெல் தன் மேசை இழுப்பறையில் ஒரு புட்டி முகக்களிம்பும் பஞ்சும் வைத்திருந்தாள். அரசாங்கச் செலவில் இல்லை, சொந்தக் காசில். விசாரணைக்கு முன் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், "வா கண்ணு, மூஞ்சியக் கழுவலாம்" என்று துடைத்துவிடுவாள். பத்தொன்பது வருடத்தில் அவள் துடைத்த முகங்களுக்குக் கணக்கில்லை.

"மொய்ரா டன்னக்கிய ஞாபகம் இருக்கா?" என்றாள் இஷ்பெல்.

"அந்த பிங்கோ ஹால்காரி. அவ புருஷன் கிரேன் ஓட்டறவன். மறக்க முடியுமாடி அத!"

அது எண்பத்து மூன்றாம் வருடத்து நவம்பர். மொய்ராவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பிங்கோ என்கிற எண் சூதாட்ட அரங்கில் காசாளராக இருந்தவள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருவன் பணப்பையைப் பிடுங்க வந்தான், அவள் விடவில்லை, சவரக்கத்தியால் இடது காதுக்குக் கீழிருந்து தாடைவரை இழுத்துவிட்டான். அவன் பிடிபட்டு உள்ளே போய்விட்டான். மொய்ராவின் விண்ணப்பத்தைப் பார்த்த முதல் அதிகாரி, போட்டோவில் சொல்லும்படியான தழும்பு எதுவும் இல்லை, ஆகவே முகத்துக்கென்று இழப்பீடு கிடையாது என்று ஒரே வரியில் எழுதிவிட்டார்.

அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. போட்டோவில் உண்மையிலேயே தழும்பு இல்லை. மொய்ரா போட்டோ எடுத்துக்கொண்டது டியூக் தெருவில், அவள் கல்யாணப் படத்தை எடுத்த அதே ஸ்டுடியோவில். அந்த மனிதர் முப்பது வருடமாக மணப்பெண்களின் பருவையும் மருவையும் தூரிகையால் அழித்து அழித்துப் பழகியவர். இந்தப் பெண்ணின் கன்னத்தைப் பார்த்து மனம் தாங்காமல், ராத்திரி பகலாக உட்கார்ந்து தழும்பை இருந்த இடம் தெரியாமல் செய்து கொடுத்திருக்கிறார். அதற்கென்று தனியாகக் காசுகூட வாங்கவில்லை. மொய்ராவும் நன்றி சொல்லிவிட்டு அதை அப்படியே உறையில் போட்டு அனுப்பிவிட்டாள்.

அவள் மேல்விசாரணை கேட்டாள். அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு அவள் முறை. பக்கத்து அறையில் இஷ்பெல் களிம்புப் புட்டியைத் திறந்ததும் அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"இது வேணாம்மா. அப்படியே பாக்கச் சொல்லுங்க."

"அப்படியே பாத்தா என்னத்தப் பாப்பாங்க கண்ணு? பூச்சதான் பாப்பாங்க. நான் மெதுவாத் துடைக்கறேன், வலிக்காது."

"வலிக்குப் பயந்து இல்ல. வெளிய எங்க வீட்டுக்காரர் உக்காந்திருக்காரு. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் அவரு இதப் பாத்ததேயில்ல."

"மூணு வருஷத்துலயா?"

"கட்டுப் பிரிச்ச அன்னிக்கு ஆஸ்பத்திரில ஒரு தடவ பாத்தாரு. 'ஒண்ணுமே தெரியலயே, மொய்ரா'ன்னாரு. அன்னிலேர்ந்து அவரு எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி, காலைல அஞ்சு மணிக்கு எழுந்து பூசிக்கறேன். அவரு தூங்கினப்புறம்தான் கழுவுவேன்."

இஷ்பெல் பஞ்சைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்கம்மா. எங்கக்கா, பக்கத்து வீட்டுக்காரங்க, சர்ச் பாதிரியார். 'ஒண்ணும் தெரியல, ஒண்ணும் தெரியல'. பஸ்ஸுல எதிர சீட்டுக் குழந்தை என்னப் பாத்து அழுவுது, அதோட அம்மா எங்கிட்ட 'அதுக்குத் தூக்கம் வந்திடிச்சு'ங்கறா. போட்டோக்காரரும் தெரியலன்னுட்டாரு. இப்ப அரசாங்கமும் தெரியலன்னு கடுதாசி போட்டிருக்கு. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கோன்னு கண்ணாடில போய்ப் போய்ப் பாக்கறேன். பணம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். இருக்குதுன்னு யாராவது ஒருத்தர் எனக்கு எழுதிக் குடுக்கணும். அதுக்குத்தான் வந்தேன். இதுக்கு மேல இன்னொரு தடவ என்னால வர முடியாது."

இஷ்பெல் மறுபடி பஞ்சை எடுத்தாள். மொய்ரா கண்ணை மூடிக்கொண்டாள். நான்கு பஞ்சுருண்டைகள் பழுப்பாகிப்போன பிறகு தழும்பு வெளியே வந்தது. ஒரு விரல் அகலம், மேலே வெளுப்பு, தாடையோரம் தடித்துச் சிவப்பு. இஷ்பெல் எத்தனையோ பார்த்தவள்தான். ஆனாலும் 'ஒன்றும் தெரியவில்லை' என்று வாய் அதுவாகவே திறக்கப் பார்த்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டாள். மொய்ரா தன் தலைத்துணியை அவிழ்த்துக் கன்னம் மறையும்படி இறக்கிக் கட்டிக்கொண்டாள்.

வெளியே வந்து பார்த்தால் முறை வருகிற மாதிரியே இல்லை. உள்ளே ஒரு மதுக்கடைச் சண்டை வழக்கு. அந்த விண்ணப்பதாரரின் வக்கீல் பன்னிரண்டரை மணிக்கு ஆரம்பித்தவர், மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். மணி இரண்டரை ஆயிற்று. இரண்டே முக்கால் ஆயிற்று. கிளாஸ்கோவில் நவம்பர் மாதத்து வெளிச்சத்தை நம்பி எதையும் ஒத்திப்போட முடியாது. அன்றைக்கு மழை மேகம் வேறு. மூன்றரைக்கு மேல் வடக்கு ஜன்னலில் நின்றால் சொந்தக் கையே தெரியாது. வெளிச்சம் போய்விட்டால் கின்லாக் வழக்கைத் தள்ளிவைத்துவிடுவார். அடுத்த அமர்வு மார்ச்சில். மொய்ரா மார்ச்சில் வரப்போவதில்லை.

விசாரணையின் நடுவில் எழுத்தர் குறுக்கிடக் கூடாது என்பது சட்டம். இஷ்பெல் ஒரு துண்டுத் தாளில், 'ஐயா, அடுத்தது முகம். வெளிச்சம் போகிறது' என்று எழுதினாள். கதவைத் திறந்து நேராக நடந்து போய், பேசிக்கொண்டிருந்த வக்கீலின் மூக்குக்கு முன்னாலேயே அதைக் கின்லாக்கின் கையில் கொடுத்தாள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் கொடுத்தாள்.

கின்லாக் படித்தார். ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சொல்றது இருட்டுலயும் நல்லாவே கேக்கும், வக்கீல் சார்" என்றார். "அரை மணி நேரம் கழிச்சு மிச்சத்தச் சொல்லுங்க. இப்போதைக்குத் தேநீர் சாப்பிடுங்க."

அப்படித்தான் மூன்று மணிக்கு மொய்ராவும் அவள் புருஷன் லாக்லனும் உள்ளே போனார்கள்.

லாக்லன் டன்னக்கி ஆறடி ஆள். கோவன் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டுபவன். எண்பதடி உயரத்திலிருந்து, கீழே இரும்புத் தகட்டில் போட்ட சாக்கட்டிக் கோட்டைப் பார்த்துப் பாரத்தை இறக்குவது அவன் பிழைப்பு. பாச்சை உருண்டை வாசனை அடிக்கிற கோட்டு சூட்டுக்குள் திணறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அங்கே சத்தியப் பிரமாணம் எல்லாம் கிடையாது. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று மட்டும் கேட்பார்கள்.

"உங்க மனைவி முகத்துல இருக்கிற தழும்பப் பத்திச் சொல்லுங்க, டன்னக்கி" என்றார் கின்லாக்.

லாக்லன் மனைவியை ஒரு பார்வை பார்த்தான்.

"தழும்புன்னு ஒண்ணும் பெரிசா இல்ல சார். தெரியவே தெரியாது. கல்யாணத்தன்னிக்கு எப்படி இருந்தாளோ, அப்படியேதான் இருக்கா."

குடிகெடுக்க வேறு ஆளே வேண்டாம். அன்பான புருஷன் ஒருவன் போதும். குழுவில் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர், போட்டோவையும் லாக்லனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரிதான் என்பதுபோலப் பேனாவை மூடினார். மொய்ரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜன்னல்கிட்ட வாங்கம்மா" என்றார் கின்லாக்.

மொய்ரா எழுந்து போனாள். ஜன்னலுக்கு வெளியே வானம் ஈயச் சாம்பலாகக் கிடந்தது. தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்தாள். துணி கீழே வந்தது. கின்லாக் பார்த்தார், ஒதுங்கினார். அடுத்தவர் பார்த்தார். மூன்றாமவர், பேனாவை மூடினவர், கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"ஏதோ இருக்கு. ஆனா மங்கலா இருக்கு. நிழலா, தழும்பான்னு உறுதியாச் சொல்ல மாட்டேன். மார்ச்சுல வச்சிக்கலாம்" என்றார் அவர்.

மொய்ராவின் கை தலைத்துணியைத் தேடிப் போனது. இஷ்பெல் கதவருகே நின்று, கடவுளே, கடவுளே என்று மனசுக்குள் சொன்னாள். அது வெளியே கேட்டிருக்கவும் கூடும்.

"ஒரு நிமிஷம். டன்னக்கி, இங்க வாங்க. நீங்க கண்ண வச்சிப் பொழைக்கிறவரு. எங்க மூணு கிழங்களோட கண்ணவிட உங்க கண்ணு நல்ல கண்ணு. இங்க நின்னு பாருங்க. நான் புருஷனக் கேக்கல. கிரேன் ஓட்டறவரக் கேக்கறேன். அது எவ்வளவு தூரத்துலேர்ந்து தெரியும்?" என்றார் கின்லாக்.

லாக்லன் வந்து நின்றான். மொய்ரா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன் குனிந்து அவள் கன்னத்தைப் பார்த்தான்.

"தெருவுக்கு அந்தாண்டலேர்ந்து தெரியும் சார்."

"சத்தமாச் சொல்லுங்க."

"தெருவுக்கு அந்தாண்ட, பஸ் ஸ்டாப்புல நின்னாலே தெரியும். வேலை முடிஞ்சி வரப்ப அவ ஜன்னல்ல நிப்பா. நான் திருப்பத்துல வரப்பவே தெரியும். முதல்ல அதான் தெரியும், அப்புறம்தான் அவ." கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பூச்சு பூசினா இன்னும் நல்லாத் தெரியும் சார். அந்த எடம் மட்டும் தனியா, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி."

மொய்ரா ஓரடி முன்னால் வந்தாள்.

"இன்னும் நல்லாத் தெரியுமா?"

"மொய்ரா, நான்..."

"மூணு வருஷமா! விடியக்காலை அஞ்சு மணிக்கு! குளிர்ல! நடுங்கிக்கிட்டு எழுந்து நான் பூசிக்கறேன், நீ படுக்கையில கெடந்து பாத்துக்கிட்டா இருந்த?"

"தூங்கற மாதிரி கெடந்தேன்."

"அட பாவி மனுஷா!"

தீர்ப்பைக் கலந்து பேச வேண்டும், இரண்டு பேரும் வெளியே இருங்கள் என்றார் கின்லாக். அவர்கள் வெளியே வந்தார்கள். வந்ததும் காத்திருப்போர் அறையில் சண்டை முழு வீச்சில் ஆரம்பித்தது. மதுக்கடை வழக்கின் வக்கீல் தேநீர்க் கோப்பையோடு சுவரோரம் ஒண்டிக்கொண்டார். சேடி தட்டச்சை நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். மொய்ரா தன் வெறும் முகத்தோடு, கன்னத்துத் தழும்பு ரத்தமாய்ச் சிவக்க, அவனைக் கிழி கிழி என்று கிழித்தாள்.

"எங்கக்கா சொல்லலாம், பாதிரியார் சொல்லலாம். நீ சொல்லலாமா? எனக்கு யாருடா இருக்கா உண்மையச் சொல்ல?"

"நான் சொன்னா நீ அழுவியேன்னு..."

"நான் என்ன சிரிச்சிக்கிட்டா இருந்தேன், முட்டாளே?"

"எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல, மொய்ரா. பாக்கறப்பல்லாம் எனக்கு அந்தக் கத்திக்காரனக் கொல்லணும்போல இருக்கும். கொல்ல முடியல. அதான் தெரியலன்னு சொன்னேன்."

மொய்ரா அவன் மார்பில் ஓங்கிக் குத்தினாள். குத்தின கையை எடுக்கவில்லை. அங்கேயே வைத்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். மூன்று வருடத்துக்கும் சேர்த்து அழுதார்கள். உள்ளே மணி அடித்தது. இஷ்பெல் போய்க் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"தீர்ப்பு தயாரா இருக்கு, கூப்பிடுங்க" என்றார் கின்லாக்.

"இன்னும் அவங்க முடிக்கல, சார்."

கின்லாக் ஒரு கணம் காதைக் கொடுத்துக் கேட்டார். "அப்ப நாங்க இருக்கோம். அவசரமில்ல" என்றார்.

தேநீர்க் கடையில் சேடி மூக்கைச் சிந்தினாள். இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் இந்த இடத்தில் சிந்துவாள். "கடைசில எவ்வளவு குடுத்தாங்க அவளுக்கு? நான்தானே தட்டச்சு பண்ணேன், மறந்துபோச்சு."

"எனக்கும் ஞாபகமில்லடி."

அந்தத் தொகை இஷ்பெலின் காதில் அன்றைக்கே விழவில்லை. தீர்ப்பு சொல்கிற நேரத்துக்குள் ஜன்னல் முழுக்க இருட்டிவிட்டிருந்தது. கின்லாக் மேசை விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எழுதிவைத்திருந்ததை வாசித்தார்: "விண்ணப்பதாரரின் இடது கன்னத்தில் உள்ள தழும்பு, எதிரே நின்று பேசும் எவருக்கும் தெளிவாகத் தெரியக்கூடியது. அது நிரந்தரமானது. இந்தக் குழு அதை நேரில் கண்டது."

"இன்னொரு தடவ படிங்க சார்" என்றாள் மொய்ரா.

படித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டியபடி கேட்டாள்.

மூன்றாவது தடவை படிக்கச் சொன்னது லாக்லன். கின்லாக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார்.